திருமாந்துறையைக் கடந்துபோகும் வேலைகள்

நெடுஞ்சாலைக்குச் செலவிடும் பணம் வேலைவாய்ப்பாகத் திரும்பி வரும் என்ற பேச்சை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் கேட்கிறோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 2.87 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தொகை எந்த ஊரில், யார் கைக்குக் கூலியாகவும் சம்பளமாகவும் போய்ச் சேருகிறது என்பது என்னை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். சாலை ஒப்பந்த நிறுவனமொன்றில் பொறியாளராக இருக்கும் என் மைத்துனரோடு குடும்ப விசேஷங்களில் உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடும். "முதல்ல ரோட்டைப் போடுங்க மச்சான், மத்ததெல்லாம் தானா வரும்" என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை இருப்பதால் என்னால் மறுக்க முடிவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அப்படியே ஒப்புக்கொள்ளவும் முடிவதில்லை.

சாலை ஒன்றே ஒரு வட்டாரத்துக்கு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் பெரம்பலூரைப் போலத் தோதான இடம் கிடைப்பது அரிது. 1995-இல் திருச்சியிலிருந்து பிரிக்கப்பட்ட இந்த மாவட்டத்தின் தலைநகருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. துறைமுகமோ விமான நிலையமோ காவிரிப் பாசனமோ கிடையாது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் காடுதான் பெரும்பகுதி. 2011 கணக்கெடுப்பில் 5.65 லட்சம் பேர். அன்றைய தமிழக மாவட்டங்களிலேயே குறைந்த மக்கள்தொகை. பாடாலூர்ப் பக்கம் நுழைந்து, சிறுவாச்சூர், பெரம்பலூர், வாலிகண்டபுரம் வழியாகத் திருமாந்துறையை அடைந்து, வெள்ளாற்றைத் தாண்டி வெளியேறும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைதான் இந்த மாவட்டத்தின் ஒரே பெரிய வாசல். 2010-ஐ ஒட்டி அது நான்குவழிச்சாலையானது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து பாடாலூர் வரையிலான பகுதியைத் தனியார் கட்டி, குறித்த காலம் சுங்கம் வசூலித்து, பின்னர் ஒப்படைக்கும் முறையில் அமைத்தார்கள். நிலத்தை எடுத்துக் கொடுத்தது அரசு. முதலீட்டைத் திரும்பச் செலுத்துவது அந்த வழியே போகும் ஒவ்வொரு பேருந்துப் பயணியும் ஒவ்வொரு மூட்டை வெங்காயமும்தான். ஆகவே இதைப் பொதுச்செலவு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்தப் பகுதியின் இரண்டு சுங்கச்சாவடிகளில் ஒன்று செங்குறிச்சியில், மற்றொன்று திருமாந்துறையில். சாலைச் செலவுக்கும் வேலைக்கும் உள்ள உறவு பற்றி நான் படித்தவை, கேட்டவை எல்லாவற்றையும் இந்தத் திருமாந்துறை வட்டாரத்தில் நேரில் பார்க்க முடிகிறது.

வேலை நடந்த காலம்

நான்குவழிப் பணி நடந்த ஆண்டுகளில் எங்கள் பக்கம் பணம் புழங்கியது உண்மை. கல்குவாரிகளும் கிரஷர்களும் இரவு பகலாக ஓடின. டிராக்டர் வைத்திருந்தவர்கள் தண்ணீர் டேங்கரைக் கோத்துக்கொண்டு, புதிதாகக் கொட்டிய மண்ணுக்குத் தண்ணீர் அடிக்கும் வேலைக்குப் போனார்கள். சாலையோரக் கிராமங்களில் வீட்டு வாடகை ஏறியது. கறிக்கடைக்காரர்களுக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் நல்ல வியாபாரம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், சம்பளம் கூடுதலாக உள்ள வேலைகளில் எங்கள் ஆட்கள் இல்லை. தார்க்கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவரும், அளவு பார்த்தவரும், கம்பி கட்டியவர்களும் வெளியிலிருந்து, பெரும்பாலும் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்தது கொடி பிடித்து வண்டியை நிறுத்துவது, இராக்காவல், ஜல்லி அள்ளுவது. அவற்றை இழிவாகச் சொல்லவில்லை. வேலை முடிந்த மறுநாள் அந்தக் கூலியும் முடிந்தது, கையில் தொழில் எதுவும் மிஞ்சவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இது எங்கள் ஊரின் தனிக் குறையும் அல்ல. 2017 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பாரத்மாலா திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, அந்த ஐந்தாண்டு நெடுஞ்சாலைப் பணிகளால் ஏறத்தாழ 14.2 கோடி மனித நாள்கள் வேலை உருவாகும் என்று அரசே அறிவித்தது. கேட்பதற்குப் பெரிய எண்ணாக இருக்கிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்து, ஐந்தாண்டுக்குப் பிரித்தால், அது நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு லட்சம் பேருக்குக்கூடக் குறைவான தொடர் வேலை. முதற்கட்டச் செலவான 5.35 லட்சம் கோடி ரூபாயை மட்டும் எடுத்து வகுத்தாலும், ஒரு மனித நாள் வேலைக்கு 37,000 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. அதே 2017-18-இல் நூறு நாள் வேலைத் திட்டம் ஓராண்டில் ஏறத்தாழ 234 கோடி மனித நாள்கள் வேலை கொடுத்தது. ஒன்று நீடித்து நிற்கும் சொத்தை உருவாக்குகிறது, மற்றொன்று வறுமைக்குத் தாங்கல் கொடுக்கிறது என்பதால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாலைப் பணியை வேலைவாய்ப்புத் திட்டம் என்று மேடையில் சொல்கிறவர்கள்தாம் அந்தத் தராசை முதலில் எடுத்து வைக்கிறார்கள். சாலைக்குச் செலவிடும் பணத்தின் பெரும்பங்கு நிலத்துக்கும், சிமெண்டுக்கும், இரும்புக்கும், தாருக்கும், டீசலுக்கும், இயந்திரத்துக்கும், வட்டிக்கும் போகிறது. மண்வெட்டியும் தட்டுக்கூடையுமாக நூற்றுக்கணக்கானோர் சாலை போட்ட காலம் போய்விட்டது. அந்தக் காலத்து நினைப்பு மட்டும் பேச்சில் தங்கிவிட்டது.

சாலை முடிந்தபின் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டிகள் ஊருக்குள் நிற்பது குறைந்தது. பழைய சாலையில் பஞ்சர் கடை, டீக்கடை, லாரிப் பட்டறை வைத்திருந்தவர்களில் சிலர் புறவழிச்சாலைக்கு இடம்பெயர்ந்தார்கள், பலர் கடையை மூடினார்கள். புதிய சாலையோரம் பெரிய உணவகங்களும் பெட்ரோல் பங்குகளும் வந்தன. அவற்றில் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள், எங்கள் பையன்கள் வேலை செய்கிறார்கள். வேலைகளின் மொத்த எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்பதைவிட, சொந்தக் கடை வைத்திருந்தவரின் மகன் அடுத்தவர் கடையில் பில் போடுகிறான் என்ற மாற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மூவாயிரம் ஏக்கர்

சாலைக்கு இணையாக இன்னொரு பெரிய கனவும் திருமாந்துறை, எறையூர், பென்னகோணம் பகுதிகளில் விதைக்கப்பட்டது. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் தனியார் நிறுவனமொன்றும் சேர்ந்து சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்கப்போவதாகச் சொல்லி, ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் விவசாயிகளிடமிருந்து வாங்கப்பட்டது. நான்குவழிச்சாலை பக்கத்திலேயே வருகிறது, சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே இடம் அமைந்திருக்கிறது, நிலம் மலிவு. தொழிற்சாலை வராமல் போகக் காரணமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாலை வந்தது. தொழிற்சாலைகள் வரவில்லை. பத்தாண்டுக்கும் மேலாக அந்த நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டியது. சோளமும் பருத்தியும் விளைந்த காட்டை விற்றவர்கள், அந்தக் காட்டில் தங்களுக்கிருந்த வேலையையும் சேர்த்துத்தான் விற்றார்கள். நிலமில்லாமல் அங்கே களையெடுக்கவும் பஞ்செடுக்கவும் போனவர்களுக்கோ விற்பதற்கு எதுவும் இல்லை. வேலை மட்டும் போயிற்று.

இதே மாவட்டத்தில் சாலையால் பலன் வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். பாடாலூருக்கு அருகே நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப் நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. நல்ல சாலை இல்லாத இடத்தில் அப்படியோர் ஆலையை நினைத்தும் பார்க்க முடியாது. அதேபோல், எறையூரிலேயே 1970-களில், நெடுஞ்சாலை இருவழியாக இருந்த காலத்தில், பொதுத்துறைச் சர்க்கரை ஆலை வந்தது. வெட்டிய கரும்பு காய்வதற்குள் அரவைக்கு வந்தாக வேண்டும் என்பதால் ஆலை வயலைத் தேடி வர வேண்டியிருந்தது. டயருக்கு அகலமான சாலை வேண்டும், கரும்புக்கு வயலின் அண்மை வேண்டும். எந்தத் தொழில் எதைத் தேடி வரும் என்று யோசிக்காமல், சாலையை அகலப்படுத்திவிட்டு, நிலத்தையும் வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்ததுதான் திருமாந்துறையில் நடந்தது.

ஆக, அந்த வட்டாரத்து மக்களுக்குச் சாலை நேரடியாகக் கொடுத்த நிலையான வேலை என்று பார்த்தால், சுங்கச்சாவடி வேலை ஒன்றுதான். பணம் வாங்குவது, சீட்டுக் கொடுப்பது, தடுப்பை ஏற்றி இறக்குவது, ரோந்து வண்டி ஓட்டுவது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்ட பிறகு அந்த வேலைகளும் ஆட்டம் கண்டன. 2022-இல் ஊழியர்கள் பலர் நீக்கப்பட்டதை எதிர்த்துத் திருமாந்துறையிலும் செங்குறிச்சியிலும் போராட்டம் நடந்தது. வசூல் செய்ய ஆளில்லாமல் வண்டிகள் கட்டணமின்றிப் போனதையும் அப்போது பார்த்தோம். வரிசையில் நிற்காமல் போவது நமக்கெல்லாம் நல்லதுதான். நானும் அந்த வசதியை அனுபவிக்கிறேன். ஆனாலும் பத்தாண்டுக்கு மேல் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு மாற்றாக என்ன வைத்தோம் என்று பார்த்தால், எதையும் வைக்கவில்லை.

சர்வீஸ் ரோட்டில் கேட்டது

இந்த விஷயத்தில் என் பார்வை ஒரு பக்கமாகத் திரும்பியது எறையூரில் மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்கா வந்த பிறகுதான். 2022-இல் தமிழக அரசு காலணித் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் எறையூரில் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 நவம்பரில் அங்கே காலணி ஆலை திறக்கப்பட்டது. அதற்குப் பின், உறவினர் ஒருவரின் காரியத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் திருமாந்துறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சர்வீஸ் ரோட்டோரம் காரை நிறுத்திக்கொண்டு தம்பிக்காகக் காத்திருந்தேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் சாப்பாட்டுப் பை. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, அது ஆடாமல் இருக்கச் சேலை முந்தானைக்குள் செருகியிருந்தார்கள். எல்லோரும் நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டி, ஊருக்குள்ளிருந்து வரும் சிறு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்றார்கள். அவர்களில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நான் யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். உறவு முறை பேசி, எங்கோ சுற்றி வளைத்து எனக்குத் தங்கை முறை ஆனார். நான்குவழிச்சாலை வந்ததால்தானே இந்த வேலையெல்லாம் வந்திருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"ரோடு வந்து எத்தினி வருசம் ஆச்சுண்ணே! எங்க வாசல்லயேதான் கெடக்கு. ஆனா அதுல ஏறிப் போவ ஒரு வண்டி நிக்காதே. திருச்சி வண்டி, மெட்ராசு வண்டி எல்லாம் பறந்துடும். டவுன் பஸ்ஸு உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டு எட்டு மணிக்கு மேலதான் வரும். இந்தக் கம்பெனி வண்டி வந்த பொறவுதான் எங்க ஊரு பொம்பளைங்க நாலு காசு பாக்குறோம்" என்றார்.

பஸ் வரத் தாமதமானதால் அவர் வீட்டுக் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாமனாரின் இரண்டு ஏக்கர் காடு சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குப் போனது. அந்தப் பணத்தில் வீடு கட்டினார்கள், நாத்தனார் கல்யாணத்தை முடித்தார்கள். கணவர் சுங்கச்சாவடியில் வேலை பார்த்தவர். ஆட்களைக் குறைத்தபோது அவருக்கும் வேலை போயிற்று. சில மாதங்கள் வீட்டிலிருந்துவிட்டு, சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குக் காவலாளியாகப் போனார். அறை வாடகை, சாப்பாடு, மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வந்துபோகும் பஸ் செலவு எல்லாம் போக மீதியை அனுப்புகிறார். "அவரு சம்பளம் என் சம்பளத்தவிட எச்சுதான். ஆனா கைக்கு வர்றது ரெண்டும் ஒண்ணாத்தாண்ணே இருக்கு. இதுல நான் சாயந்தரம் புள்ளைங்களோட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸின் விளக்கு தெரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அந்த ஒரு குடும்பத்துக்குள் நெடுஞ்சாலைச் செலவின் எல்லா விளைவுகளும் இருந்தன. சாலையை நம்பி வாங்கப்பட்ட நிலம், சாலை கொடுத்த வேலை, அதே சாலையில் வந்த இயந்திரம் பறித்த வேலை, சாலை வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளிப்போய்த் தேடிக்கொண்ட வேலை, கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் வந்த வேலை. கடைசியாகச் சொன்னது மட்டுமே அந்த ஊரில் பணத்தைத் தங்க வைக்கிறது. அதைக் கொண்டுவந்தது சாலை மட்டும் அன்று. சாலை அதே சாலைதான். ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. இடையில் மாறியவை மூன்று. ஆட்கள் அதிகம் தேவைப்படும் ஒரு தொழிலை அரசு குறிவைத்து அழைத்தது. மின்சாரமும் தண்ணீரும் உள்ள மனைகளாக நிலம் பிரிக்கப்பட்டது. ஊர் ஊராகப் போய் ஆளை ஏற்றிக்கொண்டு வரப் பஸ் விடப்பட்டது.

சாலை தூரத்தின் விலையைக் குறைக்கிறது என்று அன்று எனக்குப் புரிந்தது. அந்த விலை குறையும்போது வேலை ஆளைத் தேடி வருமா, ஆள் வேலையைத் தேடிப் போவாரா என்பதைச் சாலை தீர்மானிப்பதில்லை. பெரம்பலூர்ப் பையனை இரவு பஸ்ஸில் ஏற்றி விடியும்போது ஒரகடத்தில் இறக்குவது, ஒரு தொழிற்சாலையைப் பெரம்பலூருக்குக் கொண்டுவருவதைவிட மலிவாக இருக்கும் வரையில், சாலை எவ்வளவு அகலமானாலும் ஆட்கள்தான் நகர்வார்கள்.

பிற இடங்களில் கண்டவை

இதைக் கண்ணால் பார்த்ததை வைத்து மட்டும் சொல்லவில்லை. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையை வைத்து நடந்த ஆய்வுகள் பல. சாலையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் நன்றாக வளர்ந்தது என்றும், அதைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் வரை இருந்த மாவட்டங்களில் அத்தகைய வளர்ச்சி தென்படவில்லை என்றும் கனி, கோஸ்வாமி, கெர் ஆகிய மூவரின் ஆய்வு காட்டியது. நம்மிடத்தில் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஓசூர் வரை பார்த்தால் இது தெரியும். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1998-இல். நாற்கரச் சாலைப் பணி தொடங்குவதற்கு முன்பே. துறைமுகம் பக்கத்தில், சிப்காட் நிலம் தயாராக, தொழிற்பயிற்சி பெற்ற ஆட்கள் கைக்கெட்டும் தூரத்தில். ஏற்கெனவே இவ்வளவும் இருந்த இடத்துக்குச் சாலை வந்தபோது தொழில் பன்மடங்காயிற்று.

நாற்கரச் சாலை பற்றிய இன்னோர் ஆய்வில், அச்சாலையோர நகரங்களின் தொழிற்சாலைகள் மூலப்பொருள் இருப்பை ஆறு முதல் பன்னிரண்டு நாள் உற்பத்திக்கான அளவு குறைத்துக்கொண்டன என்று கண்டார்கள். சரக்கு நேரத்துக்கு வந்துவிடும் என்றால் குவித்து வைக்கத் தேவையில்லை. தொழிற்சாலைக்கு இது பெரிய இலாபம். நடுவழி ஊர்களுக்கோ, கிடங்கும் இருப்பும் அவற்றைச் சுற்றிய சுமைதூக்கும் வேலையும் தேவைப்படாமல் போவதற்கான வழி. சீனாவில் பெருநகரங்களை இணைத்த தேசிய விரைவுச்சாலைகள் இடைப்பட்ட சிறு மாவட்டங்களை எப்படிப் பாதித்தன என்று ஆராய்ந்தவர், இணைப்புப் பெற்ற அச்சிறு மாவட்டங்களின் தொழில் வளர்ச்சி, இணைப்புப் பெறாதவற்றைவிடக் குறைந்துபோனதைக் கண்டார். பெரிய ஊரின் ஆலைச் சரக்கு மலிவாக வந்து இறங்கியதும் உள்ளூர் ஆலைக்குத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பாதை இரு பக்கமும் திறக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் பற்றிய ஆய்வுதான் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது. சாலை வந்த கிராமங்களில் விவசாய வேலையை விட்டு வெளிவேலைக்குப் போவோர் கூடினார்கள். ஆனால் அந்தக் கிராமங்களின் வருமானத்திலோ சொத்திலோ விளைச்சலிலோ பெரிய மாற்றம் இல்லை. அந்தத் தங்கை சொன்ன கணக்கும் இதுதான். சம்பளம் அதிகம், கைக்கு வருவது ஒன்று.

ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை

இதனால் சாலை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவழியாக இருந்தபோது அந்தச் சாலையில் நடந்த நேருக்கு நேர் மோதல்களில் செத்தவர்களை எங்கள் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. திருச்சி பெரிய மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருவது உயிர் காக்கும் விஷயம். சாலை அவற்றுக்காகப் போடப்பட வேண்டும், அவற்றுக்காகவே நியாயப்படுத்தப்பட வேண்டும். அதன் பெயரால் வேலைவாய்ப்பும் சொல்லப்படுமானால், வேலைவாய்ப்புக்கான பகுதி திட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இப்போதைய திட்ட அறிக்கைகளில் எத்தனை கார், எத்தனை லாரி இருபது ஆண்டுக்குப் பின் இந்தச் சாலையில் போகும் என்ற கணிப்பு விரிவாக இருக்கிறது. சாலையோர ஊர்களிலிருந்து எத்தனை பேர் எந்தத் திசையில் வேலைக்குப் போகிறார்கள், எந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்ற கணக்குக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. அதன் விளைவு எங்கும் தெரிகிறது. சர்வீஸ் ரோடு ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே அறுந்து கிடக்கும். எதிர்ப்பக்கத்து ஊருக்குப் போக ஆலைப் பஸ் அடுத்த திருப்பம் வரை ஓடித் திரும்பி வர வேண்டும். அவசரக்காரர்கள் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். சுரங்கப்பாதையும் பஸ் நிற்கும் விரிவிடமும் முதல் வரைவில் இருக்கும், செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டுப்படுவதும் அவைதான் என்று என் மைத்துனரே ஒருமுறை வருத்தத்தோடு சொன்னார். மொத்தச் செலவில் சிறு பங்கான அந்தப் பகுதியில்தான் உள்ளூர் வேலைவாய்ப்பு இருக்கிறது. நூற்று இருபதில் பறக்கும் காருக்கு அது தேவையில்லை. ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஓடும் பெண்ணுக்குத்தான் தேவை.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களின் தூரத்தை இதைவிடக் குறைத்த செலவு அண்மைக் காலத்தில் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பேருந்துகள் பள்ளிக்கூட நேரத்தையும் சந்தை நேரத்தையும் பார்த்து வகுக்கப்பட்ட பழைய தடங்களில்தான் இன்னும் ஓடுகின்றன. ஆலை தன் ஆட்களுக்குப் பஸ் விடும். அந்த ஆலையில் உணவு சமைப்பவர், பெருக்குபவர், பக்கத்திலேயே டீக்கடை போட நினைப்பவர், பூங்காவில் அடுத்து வரப்போகும் சிறு பட்டறைக்கு வேலை கேட்டுப் போகிறவர் ஆகியோருக்கு அரசுப் பேருந்துதான் கதி. ஆலைப் பஸ் ஒன்றையே நம்பியிருந்தால், அந்த ஆலையை விட்டு வேறிடத்துக்குப் போகவும் அவர்களால் முடியாது; சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் பலமும் இராது.

எறையூர்த் தொழிற்பூங்காவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்கும், வேப்பந்தட்டை, குன்னம் வட்டங்களின் ஊர்களைத் தொட்டு, நான்குவழிச்சாலையின் சர்வீஸ் ரோடு வழியாக வரும் நகரப் பேருந்துத் தடங்கள் இரண்டு வேண்டும். இதற்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், சுங்க ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டாம், தில்லிக்குக் கோப்பு போக வேண்டாம். மாவட்ட ஆட்சியரும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் ஆலை நிர்வாகமும் ஒருநாள் உட்கார்ந்து ஷிப்ட் நேரத்தையும் ஊர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் முடியும். ஊராட்சித் தலைவர்கள் மூலமாக மனுக் கொடுக்க எங்கள் பக்கத்து இளைஞர்கள் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன்.